கால் பவுண் செய்தி

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் பல ஆண்டுகள் நான் எழுத்து வேலை பார்த்தேன். எழுத்து வேலை என்றதும் இலக்கியப் பணி என நண்பர்கள் மயங்கிவிடலாகாது. வியாபார நிறுவனங்களின் சார்பில் பத்திரிகைகளுக்குச் செய்திக் குறிப்புகள் எழுதி அனுப்புவதே என் தொழில். அந்தத் தொழிலில் நான் இழைத்த ஒரு தவற்றைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இங்கு எழுத முற்படுகிறேன். தன் தவற்றை ஒளித்துக்கொண்டு ஊராரின் தவறுகளைப் பேசுகிறவனின் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விளம்பரம் வேறு, செய்திக் குறிப்பு வேறு. விளம்பரத்துக்கு இடம் விலைக்கு வாங்கப்படுகிறது. அதைச் சுற்றிக் கோடு இருக்கிறது. விற்பவனின் பெயர் இருக்கிறது. ஆகவே வாசிப்பவர் சற்று எச்சரிக்கையோடுதான் வாசிக்கிறார். செய்திக் குறிப்புக்கோ பணம் கட்டுவதில்லை. ஆசிரியபீடம் அதனை ஏற்றுக்கொண்டால், பத்திரிகையின் சொந்தக் குரலில், பத்திரிகைமீது மக்கள் வைத்த நம்பிக்கையை உடுத்திக்கொண்டு அது வெளிவருகிறது. அதனால்தான் முதலாளிகளுக்கு முழுப்பக்க விளம்பரத்தைக் காட்டிலும் கால்பக்கச் செய்தி இனிக்கிறது.

எங்கள் கந்தோரின் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்கியது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் எல்லாம் அதில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. அவை எங்களுக்குப் பண்டிகைகளல்ல, அறுவடைக் காலங்கள். மாத சஞ்சிகைகளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பும், வார மலர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பும், நாளிதழ்களுக்குச் சில நாள்களுக்கு முன்பும் குறிப்புகள் போய்ச் சேர வேண்டும். ஐப்பசி மழையில் குடையோடு வந்து உட்கார்ந்து, நத்தார்க் கேக்கைப் பற்றி எழுதுவேன். இதிலெல்லாம் குற்றமில்லை. புதுத்துணி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதும் மக்களுக்குப் பயன்படும் செய்தியே. பத்திரிகையாளர் எல்லாக் கடைகளுக்கும் ஏறி இறங்க முடியாது. யாராவது அவருக்குச் சொல்லத்தான் வேண்டும். எதைச் சொல்கிறோம், யார் சொல்வதாகச் சொல்கிறோம் என்பதிலேதான் நேர்மை கிடக்கிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி அட்சய திருதியை வந்தது. செட்டியார் தெருவிலே கடை வைத்திருந்த ஒரு நகை வியாபாரி எங்கள் வாடிக்கையாளர். அன்று தங்கம் வாங்குவது நம் முன்னோர் தொன்றுதொட்டுக் காத்துவந்த மரபு என்று எழுதினேன். அன்று வாங்கிய பொருள் குறையாது என்றும், வசதியற்றோர் கால் பவுண் வாங்கினாலும் போதும் என்றும் எழுதினேன். “பெரியோர் கூறுவர்” என்றொரு தொடரையும் சேர்த்தேன். எந்தப் பெரியோர்? நானும் என் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த பிளேன்ரீயும்தான். ஒரு நூலையும் நான் புரட்டவில்லை. ஒரு முதியவரையும் கேட்கவில்லை. ஒரு பத்திரிகை அதனை ஒரு காற்புள்ளியும் மாற்றாமல் மகளிர் பக்கத்தில் வெளியிட்டது. மேலே “நமது நிருபர்” என்று போட்டிருந்தது. முகாமையாளர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

உண்மை என்ன? சித்திரை வைகாசிக் காலத்து வளர்பிறையின் மூன்றாம் நாள் அது. அன்று செய்யும் தானம் தேயாது என்பதே பழைய நம்பிக்கை. வெயில் காயும் பருவத்தில் நீரும் தானியமும் உணவும் ஏழைகளுக்கு ஈவது அந்நாளின் அறமாகக் கருதப்பட்டது. சமண சமயத்தார் அந்நாளை, ஓராண்டு உணவின்றி அலைந்த ரிஷபதேவர் கரும்புச்சாறு ஏற்று நோன்பு முடித்த நாளாகக் கொள்கின்றனர். கொடுப்பதற்கு இருந்த ஒரு நாள் வாங்குவதற்கான நாளாக மாற்றப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என் தாயார் அந்நாளைத் தங்கத்தோடு சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. தமிழ்நாட்டு நகைக்கடைகள் அண்மைக் காலத்தில் வளர்த்தெடுத்த வழக்கத்தை நான் “தொன்றுதொட்டு” என்று எழுதினேன்.

அப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அடுத்த வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை, கலியாண வயதில் ஒரு மகள். ஒருநாள் அவர் வீட்டுச் சுவாமிப் படத்தின் கீழே என் குறிப்பு கத்தரித்து ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். மீற்றர் வட்டிக்குப் பணம் எடுத்து, மகளுக்குக் கால் பவுணில் ஒரு சோடித் தோடு வாங்கியிருந்தார். “பேப்பரிலயே போட்டிருக்கிறாங்கள் தம்பி, பொய்யெண்டால் போடுவாங்களோ?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் என்னைச் சுடுவது நான் எழுதிய பொய்யைக் காட்டிலும் அந்த மௌனமே.

சில மாதங்களில் தோடு அடைவுக்குப் போயிற்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அதன்பின் அந்தப் பகுதியில் சனநடமாட்டம் ஒடுங்கிற்று. சாப்பாட்டுக் கடைகள் வெறிச்சோடின. இடியப்பத்தை வாங்க ஆளில்லை. வட்டி கட்ட முடியாமல் தோடு அறுதியாயிற்று. மீற்றர் வட்டி மட்டும் நின்றது.

“தங்கத்தின் விலை பின்னர் மும்மடங்காகவில்லையா? உமது அறிவுரை பலித்துவிட்டதே!” என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டதுண்டு. விலை ஏறியது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் தங்கத்தை வைத்திருக்கக் கூடியவனுக்கே உரியது. கடன்பட்டு வாங்கிய ஏழையின் கையில் அது வைத்திருக்கும் பொருளல்ல; வட்டிக்காரனிடம் போகும் வழியில் சற்றே தங்கிச் செல்லும் பொருள். இந்த வேறுபாட்டை என் குறிப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கால் பவுண் விற்றிருக்காது.

2022ஆம் ஆண்டின் இளவேனிலை இந்நாட்டில் வாழ்ந்தோர் மறக்க மாட்டார்கள். மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. காகிதமும் மையும் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வெள்ளவத்தையில் கணிதம் கற்பிக்கும் என் நண்பரொருவர் வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கொப்பியில் பார்த்தெழுதச் செய்தார். அச்சுக் காகிதத் தட்டுப்பாட்டால் ‘ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது நிறுத்தின. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் மக்கள் வந்து அமர்ந்தார்கள். 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மின்வெட்டில் சன்னல்களைத் திறந்து வைத்திருந்த எங்கள் கந்தோருக்குள், காலி வீதியில் போவோரின் கோஷங்கள் தெளிவாகக் கேட்டன.

அவ்வேளையிலேதான் முகாமையாளர் என்னை அழைத்தார். அந்த ஆண்டு அட்சய திருதியை மே 3ஆம் திகதி. “சனம் பயந்திருக்கிற காலந்தான் தங்கத்துக்கு நல்ல காலம். பழைய குறிப்பையே தூசி தட்டி அனுப்பும்” என்றார்.

அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் எண்ணியவை பல. எங்கள் தொழிலின் வரலாற்றைச் சிறிது வாசித்திருந்தேன். 1929 மார்ச் 31ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு ஊர்வலத்தில், நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூவில் இளம் பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். பெண் விடுதலையின் தீபங்கள் அவை என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. அதனை ஏற்பாடு செய்த எட்வேர்ட் பேர்னேய்ஸ் அமெரிக்கன் டுபாக்கோ கொம்பனியிடம் பணம் பெற்றவர் என்பது வாசகருக்குச் சொல்லப்படவில்லை. பெண்களின் நியாயமான வேட்கையையும் ஒரு பண்டிகை நாளையும் சேர்த்து ஒரு கொம்பனி தன் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டது.

அவருக்கு முன்னோடியான ஐவி லீ என்பவர் 1906ஆம் ஆண்டிலேயே நல்ல விதிகளை அறிவித்திருந்தார். தம் பணி ஒளிவுமறைவின்றி நடக்கும் என்றும், அனுப்பப்படும் செய்தி துல்லியமாக இருக்கும் என்றும் பத்திரிகைகளுக்கு வாக்களித்திருந்தார். ஆனால் 1914இல் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மாண்டனர். அதன்பின் ரொக்ஃபெல்லர் தரப்புக்காக அதே லீ அனுப்பிய அறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பொய்யாகப் பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது. விதியை எழுதிய கையே அதனை மீறிற்று. கூலி கொடுப்பவனின் விருப்பத்துக்கு எதிராக நிற்கும் வலிமை இல்லாவிடில், நல்ல விதி சட்டம் போட்டு மாட்டிய படமாகவே இருக்கும் என்பதை இது காட்டவில்லையா?

மறுநாள் புதிய குறிப்பொன்றை எழுதினேன். தலையிலேயே அதனை அனுப்புவது யார், யாருக்காக என்று குறித்தேன். அன்று தங்கம் வாங்கும் வழக்கம் அண்மைக்காலத்தது என்றும், பழைய மரபு தானம் என்றும் எழுதினேன். பவுண் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்ந்தால் கைக்கு என்ன விலையாகும், திரும்ப விற்கும்போது அவற்றில் எது கிடைக்காமற்போகும் என்பதையும் விளக்கினேன். கடன்பட்டு வாங்க வேண்டாம் என்று முடித்தேன். வியாபாரி அதனை வாசித்துவிட்டு எங்கள் கந்தோரோடு கொண்டிருந்த தொடர்பை முறித்துக்கொண்டார். எனக்கு வரவேண்டிய சம்பள உயர்வு வரவில்லை. மே 3ஆம் திகதி, வேறொரு கந்தோரிலிருந்து போன பழைய பாணிக் குறிப்பு ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. பரீட்சைத் தாளுக்குக் காகிதம் கிடைக்காத நாட்டில் அந்தப் பொய்க்குக் காகிதம் கிடைத்தது.

ஆகவே தனிமனிதனின் நேர்மை வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. சமூகம் விரும்பினால் வியாபாரத்தின் குரலுக்கு வரம்பு கட்டலாம் என்பதற்கு அது சான்று. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பணம் வாங்கிக்கொண்டு செய்தி வெளியிட்ட வழக்கம் அம்பலமாயிற்று. 2010இல் அந்நாட்டுப் பத்திரிகைக் கவுன்சில் அதனை ஆராய்ந்தது. வாசகர் செய்தியென நம்பி வாசிப்பது உண்மையில் விலைக்கு வாங்கப்பட்டது என்றால், அது அவரை ஏமாற்றுவதாகும் என்ற உணர்வு அதனால் வலுப்பெற்றது.

எனக்குப் பின் இத்தொழிலுக்கு வரும் இளைஞருக்கு நான் சொல்லக் கூடியவை சிலவே. அனுப்புகிறவரின் பெயரும் அவருக்குள்ள ஆதாயமும் குறிப்பிலே வெளிப்படையாக இருக்கட்டும். மரபு என்று எழுதுமுன் யாருடைய மரபு, எப்போதிலிருந்து என்று விசாரித்தறியுங்கள். சலுகையை எழுதினால் அதன் நிபந்தனையையும் எழுதுங்கள். பத்திரிகையாளர் சரிபார்க்க நேரமிருக்கும்படி முன்கூட்டியே அனுப்புங்கள். பக்கம் மூடும் வேளையில் அனுப்புவது அவரை மூலையில் நெருக்குவதாகும். குறிப்போடு அன்பளிப்புப் பொதியை அனுப்பாதீர்கள். பஞ்சத்தையும் பயத்தையும் விற்பனைக்குத் துணையாக்காதீர்கள். பிழை நேர்ந்தால் நீங்களே முன்சென்று திருத்துங்கள்.

கடைசி விதியை நான் நான்கு ஆண்டுகள் தாமதித்தே நிறைவேற்றினேன். 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். எரிவாயு கிடைக்காமையால் அக்கா முற்றத்தில் விறகடுப்பு மூட்டியிருந்தார். அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. நீண்ட நேரம் புகையை ஊதிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீ எழுதினதெண்டு அதில போட்டிருந்தால், தம்பி, நான் அடுத்த வீடுதானே. வந்து கேட்டிருப்பன், உண்மையோ எண்டு.”

என் தொழிலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான தீர்ப்பு அது. பெயரை மறைப்பது அடக்கமன்று. வாசகர் வந்து தட்டுவதற்கு இருந்த கதவை அடைப்பதாகும். “நமது நிருபர்” என்ற அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னே நான் ஒளிந்திருந்தேன். ஒரு சுவர் தள்ளி அக்கா அதை நம்பிக் கடன் வாங்கினார்.

இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த பண்டிகைக்கு வெளிவரும் சிறப்பு மலரை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு செய்தியின் அருகிலும் மாணவரைப் பென்சிலால் ஒரு கேள்வி எழுதச் செய்யுங்கள்: “இதை அனுப்பியவர் யார்?” விடை கிடைக்காத இடங்களில் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த வட்டங்களைப் பத்திரிகை ஆசிரியருக்கே திருப்பி அனுப்புங்கள். எங்கள் கந்தோர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் சிவப்பு வட்டங்களுக்கு அவையே தக்க மறுமொழியாகும்.