கொட்டப்பெட்டித் துட்டு

“விளிம்பிலை பிடியுங்கோ தம்பி. முகத்திலை விரல் படக்கூடாது.”

ஊர்காவற்றுறையில் அந்த வீட்டு விறாந்தையில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்ரர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். தீவுப்பகுதியில் யாருடைய பெட்டகத்திலாவது பழங்காசு கண்ணில் பட்டால் அது கடைசியில் இவருடைய மேசைக்குத்தான் வந்து சேரும். மேசையில் ஒரு வெல்வெட் துணி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், கழுத்து வளைகிற விளக்கு. வேறு ஒன்றும் கிடையாது.

நான் கொண்டுபோனது ஒரு செப்புத் துட்டு. நெடுந்தீவில் பிறந்து வளர்ந்த அப்பாச்சி, பனையோலைக் கொட்டப்பெட்டிக்குள் பாக்குச்சீவலோடு வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் 1795வரை இருந்தார்கள். அவர்களுடைய ‘டொய்ட்’தான் எங்கள் வாயில் துட்டு ஆனது. துட்டு என்ற சொல் தமிழ்நாடு முழுக்க இன்றும் புழங்குகிறது. அந்தச் சொல்லுக்குரிய செம்பு என் அப்பாச்சியின் மடியில் கிடந்தது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

மாஸ்ரர் விளக்கை நேரே பிடிக்கவில்லை. மேசையோடு ஒட்டப் பதித்து, வெளிச்சம் காசின் மேல் சரிந்து விழும்படி வைத்தார். மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லாக் குறையையும் மூடிவிடுமாம், பக்கத்து வெளிச்சத்தில் ஒன்றும் ஒளியாது. லென்சுக்குள் ஒரு சிங்கம் எழுந்தது. இடுப்புக்குக் கீழே அலைகள்.

“சீலாந்து. ஒல்லாந்திலை அதுகும் தீவுகள் உள்ள மாகாணம்தான். கடலுக்குள்ளை இருந்து மேலை வாற சிங்கம் அவையின்ரை சின்னம்.”

மறுபக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. பெரிய ‘வீ’ எழுத்தின் ஒரு கையில் ‘ஓ’, மறுகையில் ‘சீ’. கீழே 1786. நாலு இலக்கமும் தெளிவு. பிறகு அவர் என்னையே பார்க்கச் சொன்னார். எங்கே தேய்ந்திருக்கிறது?

காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். சிங்கத்தின் பிடரியும் நெஞ்சும் சப்பையாகிவிட்டன, பள்ளத்தில் கிடக்கும் அலைக்கோடுகள் அப்படியே நிற்கின்றன. கேடயத்துக்கு மேலுள்ள முடியின் ஒரு பக்கமும் மங்கல். ஆனால் அந்த மங்கலைத் தேய்வு என்று எடுக்கக்கூடாது என்றார். தேய்ந்த இடம் வழுவழுப்பாக, சுற்றியுள்ள இடத்தைவிடச் சற்று வேறு நிறமாக இருக்கும். அச்சு சரியாக இறங்காத இடத்தில் செம்பின் பழைய சொரசொரப்பு மாறாமல் இருக்கும். முதலாவது கைமாறி வந்த குறை, இரண்டாவது பிறவிக் குறை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறவனுக்குக் காசு தெரியாது என்று அடித்துச் சொன்னார்.

“தேய்வை மட்டும் பாத்தா இது வெரி ஃபைன்” என்றார். காசை ஒரு விரற்கடை திருப்பினார். முகம் மாறியது. “ஆர் இதைப் புளி போட்டு மினுக்கினது?”

நான்தான். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சி. பழப்புளியும் சாம்பலும் சேர்த்துத் தென்னந்தும்பால் உரஞ்சி, புதுக்காசு போல ஆக்கிக் கொண்டுபோனேன். பரிசும் கிடைத்தது. லென்சுக்குள் இப்போது மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். இருநூறு வருடம் காற்றும் கையும் சேர்ந்து செம்பின் மேல் படரவிட்ட கபிலநிறத் தோலை ஒரு பின்னேரத்தில் உரித்திருக்கிறேன். அந்தத் தோலை ஊத்தை என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் செம்பைக் காக்கும் போர்வை. பழசுக்குச் சாட்சியும் அதுதான். ஒருமுறை போனால் எந்த மருந்தாலும் திரும்பாது. பிறகு வரும் நிறம் வேறு, சேகரிப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும். மாஸ்ரர் ஏசவில்லை. “எத்தினை வீட்டிலை இதைப் பாத்திட்டன்” என்றார். அது ஏச்சைவிட வலித்தது.

தீவில் இன்னொரு பகை உப்பு. செப்புக்காசில் வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிரும் புள்ளி வந்தால் அது நோய். உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் இறங்கி, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அமிலமாகி அரித்துக்கொண்டே போகும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் படலத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாவுப் பச்சையைக் கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத டப்பாவில் போட வேண்டும். எங்கள் சனம் செய்வது கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது. தீவுக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். நோய்க்குக் காரணமானதையே மருந்தாக ஊற்றுகிறோம். மாஸ்ரர் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரில் கிழமைக்கணக்கில் ஊறவைத்து, அடிக்கடி தண்ணீரை மாற்றுகிறார். மெழுகுபோல் வளையும் மலிவான பிளாஸ்ரிக் உறைகளை வீட்டுக்குள்ளேயே எடுப்பதில்லை. அவற்றிலிருந்து கசியும் பசையும் காசைப் பச்சையாக்கும்.

வெள்ளிக் காசு வந்தால் அவர் சந்தைப்பக்கம் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் போவார். என்னையும் கூட்டிப் போனார். பத்தரிடம் உரைகல் இருக்கிறது, ஆனால் காசை அதில் தொட விடுவதில்லை. ஒரு கோடு விழுந்தாலே தரம் போய்விடும். யாரோ கொண்டுவந்த விக்ரோறியா ரூபாயைப் பத்தர் முதலில் அப்படியே நிறுத்தார், பிறகு தையல்நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார். பிரித்தானிய இந்திய ரூபாயின் முழு எடை 11.66 கிராம். இது தேய்ந்து பதினொன்றரையில் நின்றது. தண்ணீருக்குள் 1.1 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் பிரித்தால் பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் வரும், அது வெள்ளியின் அடர்த்தி. செம்பில் வெள்ளிமுலாம் பூசியதென்றால் 1.3 குறைந்திருக்கும். “பொய்யெண்டால் தண்ணி சொல்லிப்போடும்” என்று பத்தர் நூலை அவிழ்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாஸ்ரர் சேதுக் காசுகளை எடுத்தார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. ஒருபுறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டவற்றை, யாழ்ப்பாண அரசருடையவை என்று எடுத்துக் காட்டியவர்களில் சுவாமி ஞானப்பிரகாசர் முக்கியமானவர். நிற்கும் உருவம் முதலாம் இராசராசன் காசிலிருந்து பொலனறுவை அரசர் காசுகள் வழியாக இங்கே வந்தது. அப்படி ஒரு காசை அடித்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, வணிகச் சரக்குக் கப்பலானால் பாதி என்கிறது. அந்த ஊராத்துறைதான் நாங்கள் இருந்த ஊர்காவற்றுறை.

இந்தக் காசுகளுக்கு எண் போட முடியாது என்பது மாஸ்ரரின் கட்சி, எனக்கும் அதுவே சரி. 1 முதல் 70 வரையான தரக்கணக்கை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தது அவருடைய நாட்டுப் பழைய செப்புச் சென்ற் காசுகளுக்காக. சேதுக் காசு கையால் அடித்தது. அச்சு பெரிது, செப்புத்துண்டு சிறிது. அதனால் ஒன்றில் ‘சே’ மட்டும் விழும், ஒன்றில் நந்தியின் முகம் விளிம்புக்கு வெளியே போகும். நந்தியின் திமிலைப் பார்த்துத் தேய்வை மதிக்கலாம், எழுத்து எவ்வளவு விழுந்திருக்கிறது என்று எழுதலாம், படலத்தைச் சொல்லலாம். மூன்றையும் ஒரு எண்ணுக்குள் அடைத்தால் அந்தக் காசைக் காணாதவனுக்கு ஒன்றும் விளங்காது.

துணியில் இரண்டு காசை அருகருகே வைத்தார். இரண்டும் அழகு. திமில் எடுப்பாக, ‘சேது’ முழுதாக. எது நல்லது என்று கேட்டார். இடப்பக்கத்ததைக் காட்டினேன். லென்சைத் தந்து, விளிம்பைப் பார் என்றார். பிறைக்கு வலப்புறம் செம்பு பிளந்து ஒரு சிறு வெடிப்பு. மற்றதிலும் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே வளைவில் வெடிப்பு. நந்தியின் வயிற்றடியில் ஊசிமுனைக் குழி ஒன்று, இரண்டிலும். எனக்கு உடம்பு சில்லிட்டது. கையால் அடித்த இரண்டு காசு ஒருநாளும் ஒன்றுபோல் வெடிக்காது. இரண்டும் ஒரே காசைப் பதித்து வார்த்த போலிகள். காசுக்கு ஆசைப்பட்டு வாங்கி, பிறகு அவரிடம் காட்ட வந்த ஒரு பெடியன் விட்டுப் போனவை.

போலியைவிட அவரை வாட்டுவது வேறொன்று. கருவி பிடித்து நிலத்தைக் கிளறுகிறவர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். நிலத்தில் தட்டுப்பட்டதைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அப்படி வரும் காசை மாஸ்ரர் விலைபேசுவதில்லை, அலுவலகத்துக்கு வழி காட்டிவிடுகிறார். எந்த வளவில், எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத்துண்டோடு கிடந்தது என்பது போய்விட்டால், எவ்வளவு தெளிவான காசும் அரைக்காசுதான் என்கிறார். அல்லைப்பிட்டியில் கிடைத்த சீன மட்பாண்டங்கள் இன்றைக்குப் பேசுகின்றன என்றால், கிடந்த இடம் பதிவானதால்தான்.

பின்னேரப் பஸ்சுக்கு நேரமானது. மாஸ்ரர் என் துட்டை ஒரு காகித உறைக்குள் வைத்தார். பேனையை எடுத்து உறையின் மேல் குண்டு எழுத்தில் எழுதினார்: ‘ஒல்லாந்தர் துட்டு. சீலாந்து, 1786. தேய்வு நடுத்தரம். முடியில் அச்சு மங்கல். மினுக்கப்பட்டது.’ நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“எங்கை இருந்தது எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். அவர் எழுதினார்: ‘நெடுந்தீவு. அப்பாச்சியின் கொட்டப்பெட்டி.’