வெட்டாமல் இறக்கிய ஜிப்சி

கோவையிலிருந்து செட்டிபாளையம் போகும் வழியில், பிரதான சாலையை விட்டுப் பிரியும் மண்தடத்தின் முனையில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, முன்னால் ஒரு வேம்பு. வேம்பு நிழலில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது ஒரு மாருதி ஜிப்சி கிங்.

ஜிப்சியை நான் முதலில் பார்த்தது வால்பாறையில். மழையில் கரைந்த எஸ்டேட் பாதையில் மற்ற வண்டிகள் நின்றுவிட்ட இடத்தில், இது வரையாடு மாதிரி ஏறிப் போகும். அந்த வண்டியை யாராவது தரையோடு தாழ்த்தி தார்ச் சாலைக்கு மாற்றுகிறார்கள் என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எதற்காக இந்த வேலை என்று கேட்கத்தான் போனேன்.

மெக்கானிக் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "இறக்கறது பெரிய வேலை இல்லீங்க. கேஸ் கட்டரை எடுத்தா அரை நாள். இறக்குன பின்னாடியும் வண்டி வண்டியா இருக்கோணும். அதுக்குத்தான் மூணு மாசம்."

வண்டிக்கு அடியில்

அவர் கொடுத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தேன். ஜிப்சிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான கனத்த அச்சு. நான்கு மூலையிலும் கமான் பட்டை. பட்டைகள் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கின்றன. காட்டுப் பாதைக்காக வண்டியை உயர்த்துகிறவர்கள் இதே பட்டையை அச்சுக்கு மேலே தூக்கிக் கட்டுவார்கள். இறக்குகிறவருக்கு அப்படி ஒரு சுலப வழி கிடையாது.

இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. ஒன்று, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. வண்டி இறங்கும், ஆனால் ஏற்கெனவே கீழே தொங்கும் பட்டை இன்னும் கீழே போய் மேட்டில் இடிக்கும். பிரேக் பிடிக்கும்போது முன் அச்சு முறுக்கிக்கொள்ளும் வேகத்தில் கட்டை நகரவும் கூடும். மற்றொன்று, பட்டையை நெருப்பில் காட்டி நிமிர்த்துவது. "காட்டினா எஃகோட பதம் போயிருமுங்க. நாலு மாசத்துல பட்டை தொய்ஞ்சு படுத்துக்கும்" என்றார்.

அவர் செய்தது மூன்றாவது. பழைய பட்டைகளை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, வளைவு குறைந்த புதுப் பட்டைகளைச் செய்து வாங்கியிருக்கிறார். இதனால் வண்டியின் உடல் 50 மி.மீ. இறங்குகிறது. வளைவு குறைந்தால் பட்டை நீளும். நீளும்போது அதன் ஒரு முனையைத் தாங்கும் ஷாக்கிள் சாய்ந்துவிடும். அதனால் பட்டையின் நீளத்தையும் கணக்குப் போட்டுக் குறைத்திருக்கிறார். அச்சு மேலே வந்து இடிப்பதற்குள் இருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டதால் பட்டை முன்பைவிட விறைப்பாக இருக்க வேண்டும், ஷாக் அப்சார்பர் குட்டையாக இருக்க வேண்டும், தடுப்பு ரப்பரும் சின்னதாக வேண்டும். ஒன்றைத் தொட்டதும் நான்கு வேலை முளைத்தது.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவுதான் இறக்கியிருக்கிறார். மூக்கு மட்டும் தாழ்ந்தால் முன் அச்சின் கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிவிட்ட ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் வண்டி நேர்ச்சாலையிலும் அலையும்.

இறக்கியதில் ஒரு நன்மையும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் சரிவு குறைந்து ஏறக்குறைய படுக்கையாகிவிட்டது. இனி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாக இழுப்பது குறையும்.

டயர் சொல்லும் கணக்கு

சுவரோரம் இரண்டு சக்கரங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பழையது 205/70 ஆர் 15. புதியது 195/50 ஆர் 15. டேப் பிடித்து அளந்தோம். பழைய டயரின் விட்டம் 668 மி.மீ., புதியது 576. பாதி எடுத்தால் 46 மி.மீ. வித்தியாசம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜிப்சியின் 210 மி.மீ. தரை இடைவெளியைத் தீர்மானிப்பது அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு. பட்டையை எவ்வளவு மாற்றினாலும் அந்தக் குண்டு நகராது. டயரோடுதான் ஏறும், இறங்கும். ஆகவே உடல் மொத்தம் 96 மி.மீ. இறங்கியிருந்தாலும் தரை இடைவெளி 46 மட்டும் குறைந்து 164 ஆகிறது. தார் ஓடுதளத்தில் ஓடப்போகும் வண்டிக்கு அது போதும்.

டயர் சிறுத்தால் வேறு கணக்குகளும் மாறும். அதே வேகத்துக்குச் சக்கரம் 16 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் சாதாரண ஓட்டத்திலும் 1.409 மடங்கு வேகத்தைக் குறைத்துத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மலை ஏறப் பிறந்த வண்டியின் குணம் அது. அதன் மேல் இந்த 16 சதவீதமும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் அலறும். வளைவுகள் நிறைந்த சின்ன ஓடுதளத்தில் அதுவே பலம், கால் வைத்ததும் வண்டி பாயும். வேகமானியின் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், உண்மையில் 60-ல் போகும்போது முள் 70-க்குப் பக்கத்தில் நிற்கும்.

"டயர் பக்கத்துல 82ன்னு போட்டிருக்கு பாருங்க" என்றார் அண்ணன். ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அழகைப் பார்த்து டயர் வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் படிப்பதில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

ஏன் இறக்க வேண்டும்?

ஜிப்சி இந்தியாவுக்கு வந்தது 1985-ல், 970 சி.சி. எஞ்சினோடு. உயரம் அதிகம், சக்கரங்களுக்கிடையே அகலம் குறைவு. 1993-ல் மாருதி அந்த அகலத்தை 90 மி.மீ. கூட்டி, முன்னால் 1300, பின்னால் 1310 ஆக்கியது. வெளிநாட்டில் இதன் உடன்பிறப்பான சமுராய், 1988-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் சோதனையில் கவிழும் அபாயம் உள்ளது என்று மதிப்பிடப்பட்டது. அதைத் தயாரித்த சுசுகி 1996-ல் வழக்குப் போட்டது; 2004-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

கவிழ்வதன் அடிப்படைக் கணக்கு எளிது. சக்கர அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் பெரிதானால் வண்டி உறுதி. ஜிப்சியின் பாதி அகலம் 650 மி.மீ. எடைமையமும் 650 உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் விடை 1. அதையே 560-க்கு இறக்கினால் 1.16. இந்தச் சின்ன வித்தியாசம்தான் வளைவில் உள்பக்கச் சக்கரம் தூக்குமா, தரையில் நிற்குமா என்று முடிவு செய்கிறது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தார்ச் சாலையில் வேகமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், இந்த வண்டியை இறக்குவது உயிர்க்காப்பு.

தொடாமல் விட்டவை

பானெட்டைத் திறந்தார். கம்பெனி பொருத்திய அதே 1.3 லிட்டர், 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். 6000 சுற்றில் 80 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். பெலேனோவின் 1.6 எஞ்சினை ஜிப்சியில் பொருத்துகிறவர்கள் பலர். இவர் ஏன் செய்யவில்லை?

"இந்த நம்பர்தானுங்க ஆர்.சி. புக்குல இருக்குது" என்று எஞ்சின் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. இந்த ஜிப்சி இந்தக் கோலத்தில் பொதுச் சாலையில் ஓடாது. ஓடுதளத்துக்கு லாரியில் ஏறிப் போகும், லாரியில் திரும்பும்.

எஞ்சினில் செய்ததெல்லாம் வால்வு இடைவெளி சரிபார்ப்பு, இன்ஜெக்டர் சுத்தம், புது ரேடியேட்டர். பணம் அதிகம் போனது பிரேக்குக்கு. புது டிஸ்க், நல்ல பேட், புதுக் குழாய்கள், பின் டிரம்களுக்குப் புது ஷூ. நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓட வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் வரிசை. உள்ளே பாதுகாப்புக் கூண்டும் போல்ட் போட்டு முடுக்கியதே. சேஸிஸில் ஒரு வெட்டு, ஒரு புது வெல்டிங் தேடினேன். கிடைக்கவில்லை.

ஓடுதளத்தில்

அடுத்த ஞாயிறு கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனேன். பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய, 2.1 கி.மீ. நீள ஓடுதளம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஜிப்சியின் உரிமையாளருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் ஒரு வலது வளைவுக்குள் வேகமாக நுழைந்தார் உரிமையாளர். ஜிப்சியில் பல வருடம் மலைப் பயணம் செய்த என் உடம்பு பழக்கத்தால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டது. வண்டி சாயும், சாய்ந்த பிறகு ஒரு கணம் தயங்கும் என்று அதற்குத் தெரியும். அந்தத் தயக்கம் வரவில்லை. லேசாகச் சரிந்து, டயர் கீச்சிட, வண்டி வளைவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. நேர்ப்பாதையில் பெரிய வேகம் இல்லை. 80 குதிரைகள் அவ்வளவுதான் இழுக்கும். ஒவ்வொரு ஒட்டுத் தாரும் முதுகில் தெரிந்தது. ஆனால் வளைவில் அந்த வண்டி சொன்னதைச் செய்தது.

சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பியதும் அண்ணன் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய கமான் பட்டைகள் நான்கும் இருந்தன. முன் இடது, முன் வலது என்று சுண்ணக்கட்டியில் எழுதி, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். மேல்தட்டில் பழைய ஷாக்குகள், ரப்பர்கள், பொட்டலம் பொட்டலமாக போல்ட்டுகள்.

"கம்பெனி இப்ப இந்த வண்டி செய்யறதில்லீங்க. என்னைக்காவது ஓனரு மலைக்குப் போகோணும்னு கேட்டா, ரெண்டு நாள்ல பழையபடி ஏத்திக் குடுத்துருவேன்."

ஒரு பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அதன் வளைவு அப்படியே இருந்தது.