எழும்பும் பூனை

இளமையில் விரும்பியதொன்றை நாற்பது வயது கடந்தபின் மீண்டும் காண்பது, பல்லாண்டு கழித்துப் பிறந்த வீட்டுக்குப் போவதை ஒக்கும். அன்று பெரிதாயிருந்த முற்றம் இன்று சிறுத்திருக்கும். அன்று கண்ணிற் படாத வேம்பு இன்று வாசலை மறைத்து நிற்கும். சென்ற பள்ளி விடுமுறையில் எனக்கு அத்தகைய அனுபவம் ஒன்று வாய்த்தது. அதனை எனக்கு அளித்தவை ஒரு பூனையும் ஓர் எலியும் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்க வேண்டிய செய்திதான். ஆயினும் முழுதும் நகைப்பன்று.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன், "பிள்ளைக்குப் பொழுது போகும், சேர்" என்று கூறி, 'டொம் அன்ட் ஜெரி' படங்களின் தொகுப்பொன்றைக் கொண்டுவந்து தந்தான். என் மகளுக்கு ஏழு வயது. அன்று மாலை அவள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படம் தொடங்கும் இசை எழுந்தது. என் கையிலிருந்த சிவப்புப் பேனா தானாகவே நின்றுவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேளாதிருந்த இசை அது.

கரையூர் என முன்னாளில் வழங்கிய குருநகரில், என் தந்தையார் வாடகைக்குப் பெற்ற சிறு வீடொன்றில் நான் வளர்ந்தேன். அயலவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். கடலை நம்பி வாழ்ந்தோர். எங்கள் வீட்டில் விபூதித் தட்டு. அடுத்த வீட்டில் மாதாவின் சொரூபம். நத்தாருக்கு அங்கிருந்து பலகாரம் வரும். தைப்பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும். அடுத்த வீட்டுச் சம்மாட்டியாரின் பேரனும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. கடற்றொழிலுக்கும் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியிட்டு ஏற்றிய விளக்கில் நாங்கள் படித்தோம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வரும் மின்னைக் கொண்டு பெரியவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். செய்தி முடியும்வரை சுழற்றும் பணி எங்களுடையது. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்!

சம்மாட்டியார் வீட்டில் ஒரு சிறிய மின்பிறப்பாக்கி இருந்தது. சில துளி பெற்றோல் விட்டு அதை இயக்கி, இயங்கத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாதம் ஒருமுறை, அல்லது இருமுறை, அயற் பிள்ளைகளைக் கூட்டி வீடியோ நாடாவிற் படம் காட்டுவது அவர் வழக்கம். அனுமதிக் கட்டணம் பணமன்று. வீட்டுக்கு ஒரு சிறு போத்தல் மண்ணெண்ணெய். என் தாயார் ஜாம் போத்தல் விளக்குக்கென வைத்திருந்ததை அளந்து ஊற்றித் தருவார். "ரெண்டு இரவுப் படிப்பை ஊத்தித் தாறன். நாளைக்கு வெளிச்சம் இருக்கேக்கையே படிச்சு முடிச்சுப் போடவேணும்" என்பார். நான் தலையாட்டிவிட்டு ஓடுவேன்.

பெரியவர்களுக்குரிய திரைப்படத்துக்கு முன்னர், எங்களுக்கென்று இரண்டோ மூன்றோ பூனை எலிப் படங்கள் ஓடும். அப்படங்களில் எமக்கு மிகவும் உவப்பான சிறப்பொன்று இருந்தது. அவற்றில் பேச்சு இல்லை. இருந்தாலும் மிகச் சிறிதே. 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியின் சிங்களமோ, தூரதர்ஷனின் இந்தியோ எங்களுக்கு விளங்காது. ஆங்கிலமும் அவ்வாறே. பூனையும் எலியும் மட்டும் எந்த மொழிபெயர்ப்புமின்றி எங்களோடு பேசின. மூன்று வயதுக் குழந்தையும், எழுத்தறியாத ஆச்சியும் ஒரே கணத்திற் சிரித்தார்கள்.

சம்மாட்டியாரின் பேரன் என் அருகில் இருப்பான். அந்த நாடாவைப் பலமுறை பார்த்தவன். அடுத்து வருவது அவனுக்கு மனப்பாடம். பூனையின் கையில் வெடி புகையத் தொடங்கும்போது சிறு பிள்ளைகள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அவன் பெரிய மனிதனைப் போல அவர்களைத் தேற்றுவான்: "பயப்படாதை, அது எழும்பும்." வெடி வெடிக்கும். புகை விலகும். கரிபூசிய முகத்தோடு பூனை எழுந்து நிற்கும். கூடம் அதிரச் சிரிப்போம்.

இப்படங்களின் வரலாற்றையெல்லாம் நான் வளர்ந்தபின்னரே அறிந்தேன். அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவரும் 1940 இல் முதற்படத்தை உருவாக்கினர். 1958 வரையில் அவர்கள் ஆக்கியவை 114. அவற்றுள் 7 படங்கள் ஒஸ்கார் பரிசு பெற்றன. பேச்சின் இடத்தை நிரப்பிய இசை, ஸ்கொட் பிராட்லி என்பவருடையது. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில், ஏழு நிமிடப் படமொன்றுக்குப் பதினாயிரம் சட்டங்கள் வேண்டும். அவற்றுக்குரிய சித்திரங்கள் யாவும் கையால் வரையப்பட்டவை. எங்கள் சில நிமிடச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு!

இன்று மீண்டும் பார்க்கும்போது, அன்று காணாத சில கண்ணிற் படுகின்றன. சிறுவனாயிருந்தபோது நான் முழுக்க முழுக்க எலியின் கட்சி. இன்று, வீட்டுக்காரரின் ஏச்சுக்கும் எலியின் குறும்புக்கும் இடையில் அகப்பட்ட அந்தப் பூனைமேல் இரக்கம் பிறக்கிறது. குடும்பஸ்தனுக்கு வேறென்ன தோன்றும்? சில படங்களில் பணிப்பெண் ஒருத்தி வருவாள். பெரும்பாலும் அவளுடைய கால்கள் மட்டுமே தெரியும். அன்று அது எமக்கு வெறும் வேடிக்கை. கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய அக்கால அமெரிக்க வழக்கத்தின் சாயல் அதில் உண்டென்பதை இன்று அறிவேன். அதை என் மகளுக்கு விளக்கும் வயது அவளுக்கு விரைவில் வரும்.

ஆனால் என்னை அசைத்தது வேறொரு படம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 இல் வெளிவந்து, இத்தொடருக்கு முதல் ஒஸ்காரைப் பெற்றுத் தந்த படம் அது. நிலவறை ஒன்றில் பூனைக்கும் எலிக்கும் போர். முட்டைகள் கைக்குண்டுகளாகப் பறக்கின்றன. அம்முட்டைகளை நான் அன்றே பார்த்திருக்கிறேன். ஆயின், எலியின் வளைக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு பலகை எழுதியிருப்பதை அன்று வாசிக்க அறியேன். இம்முறை வாசித்தேன். 'பூனைத் தாக்குதற் காப்பிடம்' என்பது அதன் பொருள். விமானத் தாக்குதலின்போது மக்கள் ஒளியும் காப்பிடத்தை வைத்துச் செய்த பகிடி.

எலியின் வளை ஒரு பதுங்குகுழி!

எங்கள் வளவிலும் ஒன்று இருந்தது. கடலை அண்டிய நிலமாதலால் ஆழத் தோண்ட முடியாது, நீர் ஊறிவிடும். ஆகவே பாதியளவு தோண்டி, மீதிக்கு மண்மூடைகளை அடுக்கி, மேலே பனங்குற்றிகளைப் பரப்பியிருந்தோம். விமான இரைச்சல் கேட்டதும், எங்கள் குடும்பமும் சம்மாட்டியார் குடும்பமும் ஒருங்கே அதற்குள் புகும். தேவாரமும் செபமாலையும் ஒன்றாக ஒலித்த இடம் அது. 1993 நவம்பர் 13 ஆம் திகதி குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு வீழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. அந்த ஓசையை இந்த ஊரிற் கேட்டவர் எவரும் மறந்திரார். அதன்பின் சம்மாட்டியார் வீட்டில் படம் ஓடவில்லை.

பிறகொரு நாள் கடற்கரையோரமாக வீழ்ந்த ஷெல் ஒன்று, என் வாங்குத் தோழனைக் கொண்டுபோயிற்று. அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. 1995 ஒக்டோபர் 30 அன்று ஊரோடு ஊராக நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் கூரை இல்லை.

திரையிற் படம் முடியும் கட்டம். வாணத்தோடு கட்டுண்ட பூனை வானிற் சென்று வெடித்துச் சிதறியது. படம் அத்துடன் நின்றது. பூனை எழவில்லை. என் மகள் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பூனை செத்துப்போச்சோ?"

"பயப்படாதை, அது எழும்பும்" என்றேன்.

சொல்லி முடித்த பின்னரே, அவை என் சொற்கள் அல்ல என்பது எனக்கு உறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் வாயில் வராதிருந்த அவனுடைய சொற்கள், அவனுடைய குரலிலேயே வந்தன.

குண்டுக்கு அஞ்சி ஒளிந்த பிள்ளைகள், குண்டு வெடிப்பதைப் பார்த்து அவ்வாறு சிரித்தது எப்படி என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. எம் மனம் மரத்துப்போயிற்றோ என்றுகூட ஐயுற்றிருக்கிறேன். அன்று மாலை விடை கிடைத்தது. நாங்கள் வெடிப்பைக் கண்டு சிரிக்கவில்லை. வெடித்த பின்னர் எழுந்தானே, அதைக் கண்டு சிரித்தோம். எங்களுக்குத் தெரிந்த உலகில், வெடிக்குப் பின் அனைவரும் எழுந்துவரும் இடம் அது ஒன்றாகவே இருந்தது. அதற்காகத்தான் இரண்டு இரவின் வெளிச்சத்தைப் போத்தலில் ஏந்திக்கொண்டு ஓடினோம்.

அடுத்த படம் தொடங்கியது. காயம் ஏதுமின்றிப் பூனை சுருண்டு படுத்திருந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். குண்டோசை அறியாத பிள்ளையின் சிரிப்பு அது, அப்படியே இருக்கட்டும்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், அப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கொரு சிநேகிதன் சொல்லித் தந்தவன்" என்று தொடங்கி, அவனுடைய பெயரைச் சொன்னேன். என் வீட்டில் அப்பெயர் ஒலித்தது அதுவே முதன்முறை. அவள் படத்தை நிறுத்திவிட்டு, அவனைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். அன்றிரவு விடைத்தாள்கள் திருத்தப்படாமலே கிடந்தன.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, சிறிது நேரம் அருகில் இருந்து பாருங்கள். படத்தின் கதையை அவர்களே விளங்கிக்கொள்வார்கள். அதை நீங்கள் யாரோடு இருந்து பார்த்தீர்கள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.