பயத்துக்கும் ஒரு பேரேடு

பேய்ப் படம் பார்க்கிறவங்கள்ல ரெண்டு வகை உண்டு. முகத்தை மூடிக்கிட்டு விரல் சந்துல பார்க்கிறவங்க ஒரு வகை. "இதெல்லாம் ஒரு பேயா"ன்னு பாப்கார்ன் கொறிக்கிறவங்க இன்னொரு வகை. நான் ரெண்டாவது. இருபது வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவனுக்கு மார்ச் 31 ராத்திரியை விடப் பெரிய திகில் என்ன இருக்கப் போகுது? :-)

அப்படிப்பட்ட ஆளையே ஒரு விளையாட்டுப் புத்தகம் அசைச்சுப் பார்த்திடுச்சு. பேர் டெல்டா க்ரீன். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பொண்ணு கொண்டு வந்தா. "ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை உனக்கு லீவுதானேப்பா, உக்காரு"ன்னு இழுத்து உட்கார வெச்சுட்டா. தங்கமணியும் சேர்ந்துக்கிட்டாங்க. புனேவில் ஔந்த் பக்கம் இருக்கிற எங்க ஃப்ளாட் ஹால்ல மூணு மாசமா இந்தக் கூத்து நடக்குது. இதே மாதிரி புத்தகத்தைப் பிள்ளைங்க கையில பார்த்துட்டு, "அட்டையே இவ்வளவு பயங்கரமா இருக்கே, வீட்டுக்குள்ள விடலாமா?"ன்னு யோசிக்கிற பெற்றோருக்காக இந்தப் பதிவு.

முதல்ல, இது என்ன வகை விளையாட்டு? தாயக்கட்டம் மாதிரி கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லி. மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவு லேசாத் திறந்திருக்கு, உள்ளே விளக்கு இல்லை, என்ன செய்யறே?"ன்னு கதை சொல்லி கேட்பார். நாம சொல்லணும். முடிவு சந்தேகமா இருந்தா பகடை உருட்டணும். அவ்வளவுதான். ஜெயிக்கிறது, தோக்கிறதுன்னு தனியா ஒண்ணும் இல்லை. திண்ணையில பாட்டி கதை சொல்லும்போது நடுவுல புகுந்து "நான் இருந்தா ஓடியிருப்பேன்"னு சொல்வோமே, அதுக்கு விதிமுறை எழுதி அச்சடிச்சா எப்படியோ, அப்படி.

திகிலுக்குன்னு இதுல பெரிய பேர் எடுத்தது 1981ல் சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் கம்பெனி போட்ட 'கால் ஆஃப் கதுலு'. மனநிலைக்கு ஒரு எண் கொடுத்து, பார்க்கக் கூடாததைப் பார்த்தா அந்த எண் குறையும்னு பிரபலமாக்கினது அதுதான். அந்த விளையாட்டுக்குத் துணை நூலா 1997ல் டென்னிஸ் டெட்வில்லர், ஆடம் ஸ்காட் க்ளான்சி, ஜான் டைன்ஸ் மூணு பேரும் எழுதினது டெல்டா க்ரீன். பழைய காலத்துக் கதையை எடுத்து இன்றைய அரசாங்க ஆபீசுக்குள்ள கொண்டு வந்து வெச்சாங்க. பிறகு ஆர்க் ட்ரீம் நிறுவனம் இதைத் தனி விளையாட்டாக்கி, ஆடுறவங்களுக்கான விதிப் புத்தகத்தை 2016லயும், கதை சொல்லிக்கான பெரிய புத்தகத்தை 2018லயும் கொண்டு வந்தது.

கதை இதுதான். அமெரிக்க அரசாங்கத்துக்குள்ள ரகசியமா ஒரு கும்பல். எல்லாரும் சம்பளக்காரங்க: போலீஸ், டாக்டர், ராணுவம், ஆராய்ச்சியாளர். திடீர்னு ஒரு போன் வரும். வீட்டுல ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிட்டுக் கிளம்பணும். மனுஷ புத்திக்கு எட்டாத ஒண்ணை மூடி மறைச்சுட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்குத் திரும்பணும். பதக்கம் கிடையாது, டி.ஏ. கிடையாது.

இப்ப விதிகளுக்கு வரேன். பி.காம் படிச்சவன் கண்ணுக்குப் பிடிச்சது இங்கதான். எல்லாமே நூத்துக்கு இவ்வளவுன்னு இருக்கு. கணக்கியல் திறமை 50ன்னா, பத்து முகப் பகடை ரெண்டை உருட்டி 50 அல்லது அதுக்குக் கீழே வந்தா வெற்றி. ரெண்டு பகடையிலயும் ஒரே எண் வந்தா, 22, 33 மாதிரி, வெற்றின்னா அமோக வெற்றி, தோல்வின்னா படுதோல்வி. மனத்திண்மை 11 உள்ள ஆளுக்கு மனநிலை அதைப்போல அஞ்சு மடங்கு, அதாவது 55. அதுலேருந்து 11 குறைஞ்சு 44க்கு வந்தா ஒரு முறிவு. ஏதாவது ஒரு மனக்கோளாறு நிரந்தரமா ஒட்டிக்கும். கழித்தல் தெரிஞ்சா போதும்.

ஆனா இந்த விளையாட்டோட உயிர் 'பந்தம்'ங்கிற விதியில இருக்கு. பாத்திரம் உருவாக்கும்போதே அவனுக்கு வேண்டியவங்க யார் யார்னு எழுதணும். மனைவி, மகள், அம்மா, பழைய நண்பன். தொழிலைப் பொறுத்துப் பொதுவா ரெண்டுலேருந்து நாலு பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். கண்ணுக்கு முன்னால கோரமா ஒண்ணு நடந்து மனநிலை குறையும்போது, அந்த நஷ்டத்துல ஒரு பகுதியை ஒரு பந்தத்தின் மேல தள்ளிவிடலாம். நாலு முகப் பகடையை உருட்டணும். 3 வந்தா மனநிலை நஷ்டம் 3 குறையும், மன உறுதிப் புள்ளியில 3 போகும், நீங்க தேர்ந்தெடுத்த அந்த உறவோட எண்ணும் 3 குறையும்.

பேங்க் பாஷையில சொன்னா, நஷ்டம் எங்கேயும் காணாமப் போகலை. வேற ஒருத்தர் கணக்குல பற்று எழுதிட்டீங்க. அவங்க கையெழுத்து கூட வாங்கலை.

எங்க வீட்டுல பொண்ணுதான் கதை சொல்லி. நான் திருநெல்வேலியிலேருந்து புனேவுக்கு மாற்றலாகி வந்த ஒரு கணக்குத் தணிக்கையாளன் (கற்பனை வளம் அவ்வளவுதான், ஹிஹி). தங்கமணி ஒரு நர்ஸ். ஒரு பூட்டின கிடங்குல, எழுத வேண்டாத ஒண்ணைப் பார்த்தோம். எனக்கு 5 புள்ளி நஷ்டம். யோசிக்காம "ஊர்ல இருக்கிற அம்மா மேல தள்ளு"ன்னேன். பகடையில 3. அம்மா 12லேருந்து 9க்கு வந்தாங்க.

விஷயம் அங்க முடியலை. அந்தத் தள்ளுபடி வீட்டுல எப்படி வெளிப்பட்டதுன்னு ஒரு காட்சியா ஆடிக் காட்டணும். பொண்ணு சாதாரணமாக் கேட்டா: "ஞாயித்துக்கிழமை. அம்மாகிட்டேருந்து போன் வருது. என்ன சொல்றே?"

"அப்புறம் கூப்பிடறேன்னு சொல்றேன்"னேன்.

"கூப்பிட்டியா?"

ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். அவ பேனாவை எடுத்து 12ஐ அடிச்சு 9ன்னு எழுதினா. பேய் வந்தப்ப வராத சிலிர்ப்பு அந்த அடித்தல்ல வந்தது.

அடுத்த சுற்றுல தங்கமணிக்கு அதே மாதிரி நஷ்டம். "யார் மேல தள்றீங்க?"ன்னா பொண்ணு. "யார் மேலயும் வேண்டாம். எனக்குப் பைத்தியம் பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும்"னாங்க. முழு நஷ்டத்தையும் தானே எடுத்துக்கிட்டு முறிவுக்குப் போனாங்க. ரெண்டும் விதிப்படி சரி. ரெண்டு பேரும் வண்டியை ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தோம். விலையைக் கொடுத்தது யாருங்கிறதுதான் வேற.

இன்னொரு விதி இதைவிடக் கூர்மை. வன்முறையைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒருத்தனுக்கு மரத்துப் போச்சுன்னா, அதுக்கப்புறம் வன்முறையால மனநிலை அவ்வளவாக் குறையாது. லாபம்தானே? அதுக்குப் பதிலா, பகடையில விழற அளவுக்கு எல்லாப் பந்தங்களும் ஒரே நேரத்துல குறையும். மரத்துப் போனவன் வீட்டுக்கும் மரத்தே போறான். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்ம குடும்பங்களுக்கு இதுக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

இதுக்கு மூலமான எழுத்தாளர் லவ்கிராஃப்ட் (1890-1937) பத்தியும் சொல்லிடணும். 1924லேருந்து 1926 வரை நியூயார்க்ல புரூக்ளின் பகுதியில குடியிருந்தார். பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரங்களைப் பார்த்து அவருக்கு வந்த அருவருப்பு, 1927ல் வெளியான 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' கதை முழுக்க வழியுது. சுருக்கமா, அவரைப் பொறுத்தவரைக்கும் பூதம் நாமதான்! டெல்டா க்ரீன் அந்தப் பயத்தைத் திருப்பிப் போட்டு, வந்தேறி பக்கத்துலேருந்து எடுத்து நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜை பக்கம் நகர்த்தியிருக்கு. அதுக்காகவே எழுதினவங்களுக்கு ஒரு சலாம்.

குறைகளும் உண்டு. அமெரிக்க இலாகா, ஏஜென்சின்னு சுருக்கெழுத்துப் பேர்கள் பக்கம் பக்கமா வருது. துப்பாக்கி, தளவாடப் பட்டியல் தேவைக்கு மேல. கதை சொல்லி புத்தகத்துல சரித்திரமே ஒரு செமஸ்டர் பாடம் அளவுக்கு இருக்கு, முழுக்கப் படிச்சுட்டுத்தான் ஆடணும்னா யாரும் ஆட மாட்டாங்க. நாங்க அதையெல்லாம் தூக்கி வெச்சுட்டு, கதையைப் புனேவுக்கே மாத்திட்டோம்.

சனிவார் வாடா இருக்கும்போது அமெரிக்கா எதுக்கு? 1773 ஆகஸ்ட் 30 அன்னிக்கு, 18 வயசு பேஷ்வா நாராயணராவ் அந்தக் கோட்டைக்குள்ள காவல்காரங்க கையாலயே கொல்லப்பட்டார். "சித்தப்பா, காப்பாத்துங்க"ன்னு மராட்டியில அவர் கத்தின குரல் பௌர்ணமி ராத்திரியில இன்னும் கேட்குதுன்னு ஊர் சொல்லும். சித்தப்பா ரகுநாதராவ்தான் பின்னணியில. 'பிடி'ன்னு அவர் எழுதின உத்தரவை, சித்தி ஆனந்திபாய் ஒரே எழுத்தைத் திருத்தி 'கொல்லு'ன்னு ஆக்கினதா இன்னொரு வழக்கு: 'த'வுக்குப் பதில் 'ம'. காசோலையில ஒரு எழுத்து அடிச்சுத் திருத்தியிருந்தாலே திருப்பி அனுப்பற எனக்கு, இதைவிடப் பெரிய திகில் கதை வேணுமா? கவனிச்சா, இந்தக் கதையிலயும் பயம் பேய்கிட்டேருந்து வரலை, பந்தத்துகிட்டேருந்துதான் வருது.

சரி, தீர்ப்பு. விதிமுறைக்குப் பத்துக்கு ஒன்பது. புத்தக அமைப்புக்கு ஆறு. வயசு 17, 18க்குக் கீழே வேண்டாம். ரத்தம், சித்திரவதை, மனக்கோளாறு எல்லாம் பூசி மெழுகாம வருது. வீட்டுல சமீபத்துல துக்கம் நடந்திருந்தா கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. காசு போடத் தயக்கமா இருந்தா, 'நீட் டு நோ'ன்னு சுருக்க விதிப் புத்தகம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது, கூடவே ஒரு கதையும். இறந்து போன ஒரு பழைய ஊழியரோட வீட்டை ஒழிச்சுக் கொடுக்கப் போற கதை. ஒரு ராத்திரிக்குப் போதும். ரெண்டு பத்து முகப் பகடையும், கூட நாலு முகம், ஆறு முகம் ஒண்ணொண்ணும் இருந்தா ஆரம்பிச்சிடலாம்.

பிள்ளைங்க கூப்பிட்டா உட்காருங்க. பாத்திரம் எழுதும்போது உங்க பையனோ பொண்ணோ பந்தம்ங்கிற கட்டத்துல யார் பேரை முதல்ல எழுதறாங்கன்னு மட்டும் எட்டிப் பாருங்க. கேள்வி எதுவும் கேட்காதீங்க. அது அவங்க ரகசியக் கணக்கு.