கார் இல்லாமல் பி.டி.: எத்தனையாவது கட்டையில் தங்கலாம்?

செனாவாங்கிலிருந்து போர்ட்டிக்சன் கடல் ஒன்றும் தூர தேசமில்லை. சிரம்பான் பட்டணத்திலிருந்து முப்பது கிலோ மீட்டர் சொச்சம்தான். ஆனாலும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தாமான்களில் ஒரே பேச்சு: "பி.டி. போகலாம்தான், வண்டிக்கு எங்கே போறது?" உடனே வேன் வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு போன். மாமாவுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் அண்ணனுக்கு வேலை. அண்ணனுக்கு ஓய்வு வந்தால் மாமாவின் வேன் பட்டறையில். இப்படியே விடுமுறை கரைந்துவிடும்.

கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வரும் இளைஞர்கள், மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருக்கும் புதுத் தம்பதிகள், பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் வாசலில் கார் இல்லாத பெற்றோர் என்று செனாவாங்கில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. இவர்கள் மாமாவின் வேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போய்ச் சேருவது பெரிய வேலையே இல்லை. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காரில் போகிறவர் எங்கே அறை எடுத்தாலும் சாவியைத் திருகிக் கிளம்பிவிடுவார். காரில்லாதவருக்கு அறையைச் சுற்றி நடக்கக்கூடிய தூரம்தான் பி.டி.

ஹோட்டலின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டையைப் பாருங்கள். போர்ட்டிக்சன் பட்டணத்திலிருந்து தெற்கே கடலோரமாக ஜாலான் பந்தாய் ஓடுகிறது. அந்தச் சாலையில் இடங்களுக்கெல்லாம் மைல் கணக்குதான் அடையாளம். பலகையில் 'பத்து 7' என்றிருந்தால் நம் பெரியவர்கள் ஏழாவது கட்டை என்பார்கள். நாடு கிலோ மீட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பி.டி. மட்டும் கட்டையை விடவில்லை. ஒரு கட்டை ஏறக்குறைய 1.6 கிலோ மீட்டர். ஆகவே ஏழாவது கட்டை என்பது பட்டணத்திலிருந்து 11 கிலோ மீட்டர். பன்னிரண்டாவது கட்டை என்றால் 19 கிலோ மீட்டர். இணையத்தில் எல்லா ஹோட்டல்களும் 'போர்ட்டிக்சன்' என்றுதான் போட்டிருக்கும். பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகுதான் இந்தப் பத்தொன்பது கிலோ மீட்டர் உறைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கட்டைக் கணக்கு ஜாலான் சிரம்பான் பக்கமும் இருக்கிறது. முகவரியில் 'பத்து 2' என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அது ஜாலான் பந்தாயா, ஜாலான் சிரம்பானா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் பட்டணத்துக்கு வெவ்வேறு பக்கம்.

சரி, எத்தனையாவது கட்டை நல்லது? அதைச் சொல்லுமுன், பி.டி.யில் இரவு தங்குவதே எதற்கு என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில் தங்குவது என்ற பேச்சே கிடையாது. விடியுமுன் லோரி வந்து நிற்கும். புளிச்சோறு, கோழிப் பிரட்டல், அவித்த முட்டை எல்லாம் சட்டியோடு ஏறும். பாயும் ஏறும், பாட்டியும் ஏறுவார். அப்பாக்கள் லோரியின் பின்பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருவார்கள். பகல் முழுக்கத் தண்ணீர்தான். ஆனால் பொழுது சாயுமுன் லோரி கிளம்பிவிடும், மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே! என் அம்மா எத்தனையோ முறை பி.டி.க்குப் போயிருக்கிறார். அங்கே சூரியன் கடலில் இறங்குவதை ஐம்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

போர்ட்டிக்சன் மேற்குக் கரை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கோ அதற்கு மேலோதான் சூரியன் மறைகிறது. காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். தங்குவது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்பது என் எண்ணம். அப்புறம், மறுநாள் காலையில் கூட்டம் வருமுன் கிடைக்கும் அமைதியான தண்ணீருக்காக. ஆக, அந்திக்குக் கடலுக்கு நடந்து போய், இருட்டிய பின் நடந்தே சாப்பாட்டுக் கடைக்கு வந்து, நடந்தே அறைக்குத் திரும்ப முடிகிற இடம் எதுவோ அதுதான் காரில்லாதவருக்கு ஏற்ற இடம். நீச்சல் குளமும் அறையின் அலங்காரமும் இதற்கு அப்புறம்தான்.

இந்தக் கணக்கில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஏழாவது கட்டை, தெலுக் கெமாங். கூட்டம் அதிகம், வாழைப்பழப் படகின் இரைச்சல் அதிகம், சனிக்கிழமை பிற்பகலில் பாய் விரிக்க இடம் தேட வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் மணல் அகலமானது. கடற்கரையிலேயே கடைகள், கழிப்பறை, பிள்ளைகளுக்கு மாற்று உடை வாங்க இடம் எல்லாம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குத் தே தாரிக் வேண்டுமென்றாலும் நடந்து போய்க் குடிக்கலாம். போர்ட்டிக்சன் அரசு மருத்துவமனையும் ஜாலான் பந்தாயில் இதே பக்கத்தில்தான், 11-வது கிலோ மீட்டரில் இருக்கிறது. இனிப்பு நீரோ மூச்சிரைப்போ உள்ள பெரியவரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நோன்பு மாதப் பிறை பார்க்கும் பைத்துல் ஹிலால் கட்டடமும் தெலுக் கெமாங்கில்தான். மேற்கு வானம் அங்கே அவ்வளவு திறந்து கிடக்கிறது. பிறை பார்க்க ஏற்ற இடம், அந்தி பார்க்கச் சொல்லவா வேண்டும்?

ஒன்று முதல் மூன்றாவது கட்டை வரை பட்டணத்துக்குப் பக்கம். குளிப்பதைவிடக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே போதும் என்பவர்களுக்கு இது வசதி. பேருந்து நிலையத்திலிருந்து கிராப் எடுத்தால் சில நிமிடங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பட்டணத்துக்குள் போய்வருவதும் எளிது. தாத்தா பாட்டி இருவர் மட்டும் போவதாக இருந்தால் நான் இங்கேதான் அறை எடுத்துக் கொடுப்பேன். நான்கு, ஐந்தாவது கட்டைகளில் நல்ல மணல் உண்டு, ராணுவ அருங்காட்சியகம் உண்டு. ஆனால் கடைகள் விட்டு விட்டு இருப்பதால் வரைபடத்தில் தூரத்தை அளந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

பத்தாவது கட்டைப் பக்கம் தஞ்சோங் துவான். போர்ட்டிக்சனோடு ஒட்டியிருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான காட்டுத் துண்டு அது. மேட்டின் மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. போர்த்துகீசியர் காலத்திலிருந்தே அங்கே விளக்கு உண்டு. இப்போதுள்ள கோபுரம் 1863-இல் எழுந்தது. மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து வடக்கே திரும்பும் கழுகினப் பறவைகளைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். நடக்கக் கூடிய இளையவர்கள் ஒரு ராத்திரி தங்க அருமையான இடம். தீனிப் பையை மட்டும் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்கு வெட்கம் கிடையாது. இருட்டிய பின் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதையும் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதையும் தாண்டினால் பாசிர் பாஞ்சாங், பன்னிரண்டாவது கட்டை. செம்பருத்திப் பூ வடிவில் கடல் மேல் கட்டிய விடுதி இங்கேதான். படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. உள்ளே போனால் வெளியே வராமல் இரண்டு நாளைக் கழிக்கத் தயாரென்றால், உள்ளே விற்கும் சாப்பாட்டு விலையும் கட்டுப்படியானால், தாராளமாகப் போங்கள். ஆனால் கடல் மேல் அறை என்பது வேறு, கடலில் கால் நனைப்பது வேறு. தண்ணீர் வற்றும் நேரத்தில் மேடைக்குக் கீழே தெரிவது பெரும்பாலும் சேறுதான். பிள்ளைகள் மணல் வீடு கட்ட ஆசைப்பட்டால் "விடுதியிலிருந்து இறங்கினால் மணலா?" என்று போனிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்.

அதே போனில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கட்டடம் சாலைக்குக் கடல் பக்கமா, மேட்டுப் பக்கமா? 'கடல் தெரியும் அறை' என்று எழுதியிருந்தாலும் நடுவே ஜாலான் பந்தாய் இருக்கலாம். வார இறுதியில் வண்டிகள் இடைவெளி விடாமல் ஓடும் சாலை அது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் முழங்கால் வலிக்கார மாமியார், தோளில் நனைந்த துணிப்பை என்று அதை ஒரு நாளைக்கு நாலு முறை கடப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். சாலையைக் கடக்காமல் கடலைத் தொடும் அறைக்கு இருபது, முப்பது வெள்ளி அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம்.

விலையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. தூரத்துக் கட்டையில் ஓர் அறை ஐம்பது வெள்ளி குறைவு என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்திலிருந்து அறைக்கு ஒரு கிராப், அந்திக்கு நல்ல கடற்கரைக்குப் போக ஒன்று, வர ஒன்று, காலையில் பசியாறப் போக, வர, கடைசியாகப் பேருந்து நிலையத்துக்கு ஒன்று. ஆறு சவாரி. ஒவ்வொன்றும் பத்து வெள்ளி என்றாலும் அறுபது ஆகிவிட்டது. நாலு பேருக்கு மேல் இருந்தால் பெரிய வண்டி கேட்க வேண்டும். மழை பெய்தால் விலை ஏறும். எனவே அறை விலையோடு கிராப் விலையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

எந்த நாளில் போவது என்பதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அளவும் அதிகம். கடல் ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. சேர்ந்த நேரத்தில் அது தூரத்தில் பின்வாங்கிக் கிடந்தால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும் என்று சொல்லி வையுங்கள். கைத்தொலைபேசியில் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் தண்ணீர் ஏறி நிற்கும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் குளியலும் அந்தியும் ஒன்றாகக் கிடைக்கும். ஞாயிறு முதல் வியாழன் வரை அறை விலை இறங்கும் என்பதும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்குச் சாதகம்.

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். செனாவாங்கில் கொமுட்டர் ஏறினால் அடுத்த நிலையம் சிரம்பான். இந்தப் பகுதியில் ரயில் அடிக்கடி வராது, நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். சிரம்பான் ரயில் நிலையத்திலிருந்து டெர்மினல் ஒன் பேருந்து நிலையத்துக்கு நடக்கலாம். மூட்டை முடிச்சும் பெரியவர்களும் இருந்தால் கிராப் எடுங்கள். அங்கிருந்து லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சனுக்குப் பேருந்து. பட்டணத்தில் இறங்கிய பின் ஜாலான் பந்தாய் பேருந்தை நம்பிக் காத்திருக்காதீர்கள், அது குறைவு. கடைசித் துண்டுக்குக் கிராப்தான் சரி.

ஒரு காலத்தில் இத்தனை மாற்றமும் தேவைப்பட்டதில்லை. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் பாதை 1891-இலேயே வந்துவிட்டது. தைப்பிங், கோலாலம்பூர் பாதைகளுக்கு அடுத்து இந்த நாட்டில் வந்த பழைய பாதைகளில் அதுவும் ஒன்று. மலாயா ரயில் பாதைகளில் மண் சுமந்த தமிழர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. பயணிகள் ரயில் எப்போதோ நின்றது. எண்ணெய் ஏற்றிய சரக்கு ரயிலும் 2008-இல் நின்றுபோனது. பாதை புல் மூடிக் கிடக்கிறது. நெடுஞ்சாலைக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்கியிருந்தால், சிரம்பானில் மாறி நேராகக் கடலுக்கே போயிருக்கலாம்.

திரும்பும் நாளில் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பைகளை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு இன்னும் இரண்டு மணி நேரம் கடலில் இருக்கலாமா, குளிக்க இடம் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஞாயிறு மாலையில் சிரம்பான் பேருந்தில் கூட்டம் ஏறும். பிள்ளைகளோடு போகிறவர்கள் மூன்று மணிக்குள் பட்டணத்துக்கு வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். ஈரத் துணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.