ஏலகிரி மண்பாதையில் 40 விநாடியைத் தொலைத்தவர்!

"ஏம்ப்பா, பின்னாடி யாராச்சும் துரத்துறாங்களா?"

ஏலகிரி மலையில், மங்கலம் கிராமத்தைத் தாண்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார். நேரம் காலை ஆறரை. அரைக்கால் சட்டையும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக மூச்சு வாங்க நின்றவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இல்ல பாட்டி, சும்மாதான்" என்றார்.

"சும்மா ஓடுறதுன்னாலும் கீழ பாத்து ஓடு கண்ணு. கல்லு வாரி வுட்ரும்."

பாட்டி சொன்னது பலிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரு சின்ன பிளாஷ்பேக்.

அவர் பெரம்பூர்க்காரர். வயது 41, வங்கியில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஓட ஆரம்பித்து, ஐந்து வருடங்கள் மெரினா, பெசன்ட் நகர், ஈ.சி.ஆர் என்று தார்ச்சாலையிலேயே ஓடியவர். அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது லட்சியம். மூன்று முறை முயன்றார். கடைசி முறை 2 மணி 40 விநாடி. வெறும் 40 விநாடி! அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. "மெடல் வாங்கிட்டு வந்த முகமா இது?" என்று கேட்டார் மனைவி.

கூடவே முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி வலி. தார்ச்சாலையில் ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். ஒரே தசை, ஒரே எலும்பு, ஆயிரக்கணக்கான முறை அதே அடி. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு மண்ணில் மெதுவாக ஓடிப் பாருங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். கடற்கரை மணலில் ஆரம்பித்து, பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறிவிட்டார்.

ஜோலார்பேட்டை பக்கம் பொன்னேரியிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் தார்ச்சாலையிலேயே ஏறி ஓடுபவர்களும் உண்டு. ஆனால், அவர் தேடி வந்தது மேலே இருக்கும் சுவாமிமலையை. ஊர் இருக்கும் மட்டம் கடலிலிருந்து சுமார் 3,500 அடி. சுவாமிமலை உச்சி 4,300 அடிக்கு மேல். சில கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அந்த நினைப்பைத்தான் மலை முதலில் உடைக்கும்.

வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அழைத்துக்கொண்டுதான் கிளம்பினார். "நான் ஓட மாட்டேன் சார். ஆனா, உங்களுக்கு முன்னாடி மேல போய் நிப்பேன்" என்றாராம் அந்த வழிகாட்டி. அப்படியே நடந்தது. முதல் ஏற்றத்திலேயே நம்மவரின் ஓட்டம் நடையானது. கைகளை முழங்காலில் ஊன்றி ஏறினார். கிலோமீட்டருக்கு 15 நிமிடம் என்று காட்டியது கைக்கடிகாரம். சாலையில் 5 நிமிடம் 43 விநாடி ஓடியவருக்கு இது அவமானமாக இருந்தது. மலை ஓட்டத்தில் செங்குத்தான ஏற்றங்களை நடந்து கடப்பது பெரிய வீரர்களும் செய்வதுதான் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

உச்சியில் சின்ன கோயில். கீழே வயல்களும் ஓட்டு வீடுகளும். பத்து நிமிடம் உட்கார்ந்தார். ஐந்து வருடத்தில் ஓட்டத்தின் நடுவே அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

இறங்கும்போதுதான் விழுந்தார். விட்ட நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில் கடிகாரத்தைப் பார்த்த ஒரு கணம். கால் கல்லில் தட்டி, இரண்டு உள்ளங்கைகளும் சிராய்த்து ரத்தம். வழிகாட்டி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சொன்னார்: "மணி எங்கயும் போகாது சார். காலைப் பாருங்க."

கடிகாரம் பைக்குள் போனது. அடுத்த அரை மணி நேரம் வேறு மாதிரி ஓட்டம். மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்வை. சின்னச் சின்ன எட்டு. குதிகாலை ஊன்றி பிரேக் போடாமல், உடம்பைத் தளர்த்தி, கால் எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வோர் அடியிலும் முடிவெடுக்க வேண்டும். வீட்டுக் கடன், ஆபீஸ் டார்கெட் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை என்கிறார். இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்குவதால், அடுத்த இரண்டு நாள் பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் பக்கவாட்டில்தான் இறங்கினாராம்!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரை இழந்திருக்கிறோம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு பதிவு செய்யும் வசதி இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம். தண்ணீர், விசில், அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். சாலைப் பந்தயம் மாதிரி வழியில் வாழைப்பழம் நீட்ட யாரும் நிற்க மாட்டார்கள்.

அந்த 40 விநாடி? இன்னும் பாக்கிதான். ஜனவரி சாலை ஓட்டத்துக்கு இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி ஏலகிரி. இந்த முறை மனைவியும் கிளம்புகிறார். ஓடுவதற்கு இல்லையாம், புங்கனூர் ஏரியில் படகு சவாரிக்கு!