பரிசோதனைக்கு முந்தைய வாரம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை. அதற்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காக இருப்பேன். மாத்திரையை ஒருவேளைகூட விடமாட்டேன். ராத்திரி இரண்டு இட்லி, காலையில் நடை. வெறும் வயிற்றில் 120, 125 என்று வரும். "நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு சார்" என்பார் டாக்டர். மறுநாளே டீக்கடையில் போண்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும்.

ஹெச்பிஏ1சி எடுக்கச் சொன்னபோதெல்லாம் காசில்லை என்று தட்டிக்கழித்தேன். அது பொய். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். அதைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கும், ஒரு வாரப் பத்தியத்தால் மறைக்க முடியாது. இது தெரிந்ததால்தான் பயந்தேன்.

என் ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நானோ அதை நல்ல சேதியாக மனைவியிடம் போய்ச் சொன்னேன். எனக்காகத் தன் காப்பியிலும் சர்க்கரையை விட்டவள் அவள்.

வலி ஏதும் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. பொதுவாக 180ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். தாகமும் அடிக்கடி எழுந்து போவதும் அதற்குப் பிறகுதான் வரும். எனக்கு அதுவும் வந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் தெருவில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பையன் எடுத்துவந்து கொடுத்தான். அந்த வாரமே ஹெச்பிஏ1சி எடுத்தேன். 9.1. மூன்று மாதமும் சராசரியாக 210க்கு மேல் ஓடியிருக்கிறது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பெருவிரலிலும் முன்பாதத்திலும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக்கசிவுகள். சிறுநீரில் அல்புமின். குறைத்த மாத்திரை திரும்ப வந்தது, கூடவே இன்சுலினும். சர்க்கரையை இறக்கி வைத்தால் கண்ணையும் சிறுநீரகத்தையும் மேலும் கெடாமல் காக்கலாம், பாதத்தில் போன உணர்ச்சி திரும்புவது கடினம் என்றார். தினமும் பாதத்தைப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அடிபட்டாலும் எனக்குத் தெரியாதே.

வீட்டில் ஊசியைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், டீக்கடையைச் சொல்லவில்லை. மாத்திரையைக் குறைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று மனைவி டாக்டரைத் திட்டுகிறாள். அவர்மேல் தப்பில்லை என்று இன்று ராத்திரி அவளிடம் சொல்லிவிடப் போகிறேன்.